டிஸ்க் இல்லாத மிஷின்

ஜெமிமாவின் கைப்பையை முதன்முதலாகக் கவிழ்த்துப் பார்த்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடை கொள்ளாத கூட்டம். துறைமுகத்துக்குள் நுழைய முடியாமல் டிரெய்லர்கள் சாலையோரம் வரிசை கட்டிவிட்டால், அந்த வரிசை நகரும்வரை டிரைவர்களுக்கும் கிளீனர்களுக்கும் திருவொற்றியூரில் போக்கிடம் இந்த மாடி கேம் கடைதான். ஒரு சோபாவில் அவர்கள், இன்னொன்றில் காட்டுப்பள்ளியில் கப்பல் வேலை பார்க்கிறவர்கள், சுவரோரமாகக் காலேஜ் மாணவர்கள். இத்தனை பேர் கண்ணுக்கு முன்னால், வேலை முடிந்து கிளம்பியவளை நிறுத்தி, பையை வாங்கி, கல்லா மேஜைமேல் தலைகீழாகக் கொட்டினான் கடை முதலாளி குணசேகரன். டிபன் டப்பா, குடை, சீப்பு, சின்ன பைபிள். கடைசியாக, மாத நாளுக்கென்று பேப்பரில் சுற்றி வைத்திருந்த பொட்டலமும் வந்து விழுந்தது. அதையும் விடாமல் பிரித்துப் பார்த்தான், பாவி.

கடையில் டிஸ்க்குகள் காணாமல் போய்க்கொண்டிருந்தது உண்மைதான். அங்கே இருந்தவை டிவியில் மாட்டி ஆடுகிற பழைய கறுப்பு மிஷின்கள், மொத்தம் ஆறு. டிஸ்க்கை உள்ளே தள்ளினால்தான் கேம் ஓடும். புது டிஸ்க் யானை விலை. அதனால் வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் இன்னொருவர் கைபட்ட டிஸ்க்கை வாங்குவார்கள், சலித்துப் போனால் அதையே திருப்பிக் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொள்வார்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஆடினார்கள். நல்ல டிஸ்க் கையில் இருந்தால் ரொக்கம் இருக்கிற மாதிரி, எங்கே நீட்டினாலும் போகும். திருடுகிறவனுக்கும் அதுதான் வசதி.

ஜெமிமாவின் பையில் ஒன்றும் அகப்படவில்லை. தப்பாக நினைத்துக்கொள்ளாதே, எல்லாருக்கும் ஒரே ரூல்தான் என்று சொல்லி அனுப்பினான் குணசேகரன். மறுநாளும் கவிழ்த்தான். அதற்கு மறுநாளும்.

எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு? கடையில் வேலைக்கு இருந்ததே இரண்டு பேர். பகலில் ஜெமிமா, சாயங்காலத்துக்கு மேல் விமல். இந்த விமல் குணசேகரனுக்கு மச்சான், பெண்டாட்டி ரேகாவின் ஒரே தம்பி. அவன் பை எதுவும் கொண்டுவருவதில்லை. பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வருவான், அப்படியே சுழற்றிக்கொண்டு போவான். அவன் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க ஒரு நாதி இல்லை.

குணசேகரன் சாத்தாங்காட்டில் இரும்பு புரோக்கராக இருந்து காசு பார்த்தவன். யார்டை விட்டு வெளியே போகிற கூலியாளின் இடுப்பைத் தட்டிப் பார்த்து அனுப்பிப் பழகிய கை அது. கடை வைத்தும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. இன்னொரு பழக்கமும் அந்தத் தொழிலில் அவனுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. எதிலும் தன் பேரைப் போட மாட்டான், தன் போன் நம்பரைக் கொடுக்க மாட்டான். லோடு பில் டிரைவர் பேரில், இன்டர்நெட் இணைப்பு கட்டட உரிமையாளர் பேரில், வீட்டு கேஸ் சிலிண்டர்கூட மாமியார் பேரில். பேர் போட்டால் பேஜாரு என்பான். அதைப் பெரிய சாமர்த்தியம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கடை திறந்த நாளிலிருந்து ஜெமிமா அங்கே இருக்கிறாள். எந்த ஒயரை எங்கே சொருகுவது என்று அவனுக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். அவளைப் போய் இப்படிச் செய்தால் வயிறு எரியுமா எரியாதா? பை கொட்டுகிற நேரம் வந்தால் சோபாவில் இருக்கிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். போன வாரம் வரை அக்கா அக்கா என்று சுற்றிவந்த மாணவன் ஒருத்தன், இன்றைக்கு எதை எத்துகினு போறே என்று கேட்டுச் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

சிரிப்பு மாடிப்படி இறங்கி ஊருக்குள் போயிற்று. ஜெமிமாவின் அம்மா சாரா, காசிமேட்டில் மீன் எடுத்து ராயபுரம் கல்மண்டபம் பக்கம் உட்கார்ந்து விற்கிறவள். ஒருநாள் மீன் வாங்க வந்த பெண் பேரம் பேசுகிற வாக்கிலேயே கேட்டாளாம், உன் பொண்ணு வேலை செய்கிற இடத்தில் டிஸ்க் எடுத்து விற்கிறாளாமே என்று. சாரா வெட்டிக்கொண்டிருந்த வஞ்சிரத்தைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த மாதம் ஜெமிமாவைப் பார்க்க வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவும் இல்லை.

அந்தக் கடையைத் தலைமுழுகிவிட்டு வா, பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று அம்மா அழுதாள்.

"இப்ப வுட்டேன்னா எத்துகினு ஓடிட்டான்னு ஆயிடும்மா," என்றாள் ஜெமிமா. "நான் எடுக்கலன்னு அவன் வாயால சொல்லணும். யார் முன்னாடி என் பைய கொட்டுனானோ, அவங்க முன்னாடி சொல்லணும்."

சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். சோறு இறங்கவில்லை. படுத்தால் அந்தப் பொட்டலத்தைப் பிரித்த விரல்கள்தான் கண்ணுக்குள் வந்தன. அவனை எப்படி மடக்குவது, எதைப் பிடித்தால் அவனுக்கு வலிக்கும் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

வழியைக் குணசேகரனே கொண்டுவந்து கொடுத்தான். பழைய மிஷின்கள் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தன. ஊரே ஆடுகிற புது ஃபுட்பால் கேம் அவற்றில் ஓடாது. ஆறையும் கழித்துக் கட்டிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். எதை வாங்குவது? போட்டிக்கு நின்றவை இரண்டு கம்பெனிகளின் மிஷின்கள். கறுப்பில் டிஸ்க் போட வாய் உண்டு. வெள்ளையில் அந்த வாயே கிடையாது, விலையும் குறைவு. கேமை நெட்டில் வாங்கி இறக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டிரெய்லர்காரர்கள் கறுப்பு. ஆடி முடித்ததை அடுத்தவனுக்குக் கைமாற்ற முடியவில்லை என்றால் அதை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும், வாடகைக்கு எடுத்த மாதிரிதானே என்று கேட்டார்கள். மாணவர்கள் வெள்ளை. கீறல் விழுகிற தொல்லை இல்லை, நின்று நின்று ஓடுகிற தொல்லை இல்லை, இன்னும் பழைய டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தால் கலீஜாக இல்லையா என்றார்கள். பேச்சு முற்றி ஒருநாள் டீ கிளாஸ் பறந்தது. எதைச் சொன்னாலும் பாதிக் கூட்டம் கோபித்துக்கொள்ளும் என்று குணசேகரன் தலையைச் சொறிந்தான். கடைசியில், கல்லாவில் உட்கார்ந்திருந்த ஜெமிமாவிடம் வந்து நின்றான்.

"வெள்ளையே வாங்குண்ணா," என்றாள் அவள். "டிஸ்க்கே இல்லன்னா எவன் எத்துகினு போவான்?"

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அவ்வளவு சீக்கிரம் விழுவான் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. பாவம் பார்த்தோ என்னவோ, இருக்கிற சங்கடத்தையும் அவள் விளக்கமாகவே சொன்னாள். எந்த அக்கவுண்டில் வாங்குகிறோமோ, கேம் அந்த அக்கவுண்டோடு ஒட்டிக்கொள்ளும். விற்க முடியாது, மாற்ற முடியாது, அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. பழைய கேம் என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அக்கவுண்டு போனதென்றால் கேமும் அதோடு போய்விடும். அதனால் யார் பேரில் போடட்டும் என்று கேட்டாள்.

"உன் பேர்லயே போட்டுக்கோ," என்றான் குணசேகரன். "ஓடிபி கீடிபின்னு என் போன் அடிச்சிகினே கீறது நமக்கு ஒத்து வராது."

சொல்லவில்லை என்று யாரும் அவள்மேல் குறை சொல்ல முடியாது. திருடி என்று ஊர் முன்னால் பையைக் கொட்டுகிறவன், அதே திருடியின் பேரில் மொத்தக் கடையையும் எழுதி வைக்கிறானே, இவனுக்கு மூளை எங்கே இருக்கிறது என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ராயபுரம் வரைக்கும் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளை மிஷின்கள் வந்தன. ஆறுக்கும் ஆறு அக்கவுண்டு, ஆறும் அவள் பேரில், ஓடிபி எல்லாம் அவள் போனுக்கு. குணசேகரன் கண்ணை மூடிக்கொண்டு காசைக் கொட்டி, கேட்ட கேமையெல்லாம் வாங்கச் சொன்னான். மிச்சமிருந்த பழைய டிஸ்க்குகளை மூட்டையாகக் கட்டி வண்ணாரப்பேட்டைக் கடைக்கே தள்ளிவிட்டான். இனி கடையில் பேருக்குக்கூட ஒரு டிஸ்க் கிடையாது. சரி, பை கொட்டுகிற கூத்து இத்தோடு ஒழிந்தது என்றுதான் ஜெமிமா நினைத்தாள்.

ஒழியவில்லை. அன்று சாயங்காலமும் கையை நீட்டினான். எடுக்கத்தான் ஒன்றும் இல்லையே என்று கேட்டதற்கு, கண்ட்ரோலர் இருக்கிறது, ஒயர் இருக்கிறது என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நிமிஷமே போனை எடுத்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆள் இல்லாத நேரத்தில் அடித்தால் அடி மட்டும்தான் விழும். அவளுக்கு வேண்டியது கூட்டம்.

அந்தக் கூட்டத்தையும் அவனே கூட்டினான். புது மிஷின் வந்ததைக் கொண்டாட ஃபுட்பால் போட்டி என்று மெயின் ரோட்டில் பேனர் கட்டினான். எண்ணூரிலிருந்து, மணலியிலிருந்து, ராயபுரத்திலிருந்து ஆட்கள் பேர் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிப்படியிலும் ஆள் நின்றது. பரிசு கொடுக்க ரேகா பட்டுப் புடவையில் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தவன் விமல். குணசேகரன் வெள்ளைச் சட்டை போட்டு, மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லாவில் ஜெமிமா.

போட்டி ஆரம்பம் என்று அவன் மைக்கில் சொல்லி முடித்தபோது, ஆறு திரையும் பாஸ்வேர்டு கேட்டு நின்றன.

மாணவர்கள் தெரிந்ததையெல்லாம் அழுத்திப் பார்த்தார்கள். மிஷினை அணைத்துப் போட்டார்கள். அப்போதும் பாஸ்வேர்டுதான் கேட்டது. பின்னால் விசில் கிளம்பியது. குணசேகரன் வியர்வையோடு கல்லாவுக்கு ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"காலைலயே நான்தான் மாத்துனேன்," என்றாள் ஜெமிமா. "என் பேரு, என் நம்பரு, என் கேமு."

அவளுக்கு வேண்டியது காசு இல்லை, ஒரே ஒரு வார்த்தை என்று சொன்னாள். டிஸ்க்கை எடுத்தது அவள் இல்லை என்று இந்தக் கூட்டத்துக்கு முன்னால் மைக்கில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இங்கே உட்கார்ந்தபடியே ஆறு அக்கவுண்டையும் அழித்துவிடுவாள். அப்புறம் அழுது புரண்டாலும் கேம் வராது, போட்ட காசும் வராது. ஓட்டை உடைசல் இரும்பையாவது எடைக்குப் போடலாம், இதில் எடைக்குப் போடக்கூட ஒன்றும் மிஞ்சாது.

சண்டைக்கு வருவான் என்று நினைத்தாள். கத்துவான், போலீஸ் என்பான், கையை ஓங்குவான். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். அவனோ, இவ்வளவுதானா என்கிற மாதிரி மூச்சு விட்டுவிட்டு, நேராக மைக்கை எடுத்தான். ஜெமிமா நம்ம கடைப் பொண்ணு, டிஸ்க் காணாமல் போனதுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எண்ணிக்கையில் விட்ட தப்பு நம்ம பேரில்தான் என்று கணீரென்று சொன்னான். டிரெய்லர்காரர்கள் கை தட்டினார்கள். எதை எத்துகினு போறே என்று கேட்ட மாணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெமிமாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. அம்மா இங்கே இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. கண் கலங்கியது. பாஸ்வேர்டு போடப் போனை எடுத்தவளுக்கு விரல் நின்றுவிட்டது. இவன் எப்படி இவ்வளவு சுலபமாகச் சொன்னான்? நிஜமாகவே அவளைத் திருடி என்று நினைக்கிறவன் கொஞ்சமாவது முரண்டு பிடிக்க மாட்டானா? அவன் குரலில் ஒரு சந்தேகம்கூட இல்லையே.

"நான் எடுக்கலன்னு உனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டாள்.

குணசேகரன் மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்தான். கூட்டத்தின் கத்தல் அவனை அவசரப்படுத்தியது. அந்த அவசரத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"விமல்தாம்மா. வண்ணாரப்பேட்ட கடக்காரன் எப்பவோ சொல்லிட்டான், உம் மச்சான்தான் கொண்டாந்து குடுக்குறான்னு. மிஷினு வாங்கறதுக்கு மின்னாடியே தெரியும். அத்த வுடு, சீக்கிரம் பாஸ்வேர்ட போடு."

"தெரிஞ்சும் எதுக்குத் தெனமும் என் பைய கொட்டுனே?"

"நிறுத்துனா ரேகா கேப்பா இல்ல, அப்போ யார்தான் எடுத்தான்னு. திருட்டுப் பயி யார் மேலயாச்சும் கெடந்தாத்தான் வூட்ல பேச்சு வராது. நீ இன்னா, வெளியாளு. உனக்கு இன்னா நஷ்டம்?"

இதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடு என்று கேட்கிற குரலில் சொன்னான்.

இத்தனை நாளும் அவன் தப்பாக நினைத்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தப்பாக நினைத்தவனை மன்னிக்கலாம். இவன் ஒன்றையும் தப்பாக நினைக்கவில்லை. வெள்ளை மிஷினை அவன் வாங்கியது அவள் பேச்சில் மயங்கி இல்லை, மச்சானைக் கேட்காமலே மச்சான் கையைக் கட்டிப்போட அவனுக்கு அதுதான் வழி. அக்கவுண்டை அவள் பேரில் போட்டதும் மூளை கெட்டு இல்லை. ஒரு துரும்பைக்கூட எடுக்க மாட்டாள் என்று அவளைப் பெற்றவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தினமும் கொட்டினான், தெரிந்துகொண்டேதான் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தான். அவள் காது இரண்டும் சூடாகிவிட்டன. அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது.

"விமல் பேர மைக்ல சொல்லு," என்றாள். "சொல்லலன்னா அயிச்சிடுவேன்."

குணசேகரன் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தான். ரேகா கைக்குட்டையால் விசிறிக்கொண்டே, வாசலில் நின்ற தம்பியிடம் சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தாள். குணசேகரன் ஆறு மிஷினையும் ஒரு தடவை பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். பிறகு மைக்கைக் கல்லா மேஜைமேல் வைத்துவிட்டான்.

"அயிச்சுக்கோ," என்றான் மெதுவாக. "துட்டு போனா வரும். வூட்டுப் பேரு போச்சுன்னா வராது."

ஆக, பேர் போனால் வராது என்பது இவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அடப்பாவி. தெரிந்துதான் அவள் பேரை எடுத்துத் தாராளமாகச் செலவு செய்திருக்கிறான்.

ஜெமிமா அழித்தாள். நிச்சயமாகவா என்று போன் ஒவ்வொரு தடவையும் கேட்டது, அவள் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று அழுத்தினாள். ஃபுட்பால் போயிற்று, கார் ரேஸ் போயிற்று, துப்பாக்கி கேம் எல்லாம் போயின. எல்லாத் திரையிலும் கேம் பட்டியல் காலியாகிக் கிடந்தது. ஆட வந்தவர்கள் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள், நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். குணசேகரன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். ஆனால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம், வீடு தப்பித்தது என்கிற நிம்மதி.

ஜெமிமா அந்த நிம்மதியைப் பார்த்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மேஜைமேல் கிடந்த மைக்கை எடுத்து முடுக்கினாள். அவன் பாய்ந்து பிடுங்கப் பார்த்தான், கல்லா மேஜை குறுக்கே இருந்தது.

"டிஸ்க்க எத்துகினு போயி வித்தது விமலு," என்றாள். "ரேகாக்கா தம்பி. குணசேகரண்ணனுக்கு அது மின்னாடியே தெரியும். தெரிஞ்சிகினேதான் தெனமும் உங்க முன்னாடி என் பைய கொட்டுனாரு."

கூச்சல் அடங்கிவிட்டது. பொய் பொய் என்று விமல் வாசலிலிருந்து கத்தினான். டிரெய்லர்காரர்கள் எல்லாரும் அவன் பக்கம் திரும்பியதும், மாடிப்படியில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினான். ஓடுகிற தம்பியை ரேகா பார்க்கவே இல்லை. நாற்காலியைவிட்டு எழுந்து நேராகக் கல்லாவுக்கு வந்தாள். புருஷன் முன்னால் நின்று, அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"இவ சொல்றது நெசமா? உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

ஜெமிமா மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். குணசேகரன் அவளைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், காலியாகக் கிடந்த திரைகளைப் பார்த்தான். பழியைத் தூக்கிப் போட இந்தத் தடவை அவனுக்கு ஆள் அகப்படவில்லை.